முதல் மழைக்கு முன்



புரட்டாசி பிறந்துவிட்டது. இன்னும் சில வாரங்களில் வடகிழக்குப் பருவமழை. ராமநாதபுரத்துக்காரர்களுக்கு இது வேலை நெருக்கும் காலம். மொட்டை மாடியைப் பெருக்குகிறோம். தண்ணீர்த் தொட்டியைத் தேய்த்துக் கழுவுகிறோம். கண்மாய்க்கு வரும் வரத்துக்காலை அடைத்துக் கிடக்கும் கருவேல முள்ளை வெட்டி ஒதுக்குகிறோம். ஐப்பசியும் கார்த்திகையும் கொடுத்தால்தான் அடுத்த கோடைக்குத் தண்ணீர் என்பதை இந்த மண்ணில் பிறந்தவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு 2003-ல் கட்டாயமாக்கப்பட்டது. அதற்கு வெகுகாலம் முன்பே கூரைத் தண்ணீரை அண்டாவிலும் தொட்டியிலும் பிடித்து வைத்த ஊர்கள் நம்முடையவை. அந்த வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. முதல் மழையைத் தொட்டிக்குள் விடமாட்டார்கள். கூரையில் மாதக்கணக்கில் படிந்த தூசியும் சருகும் காக்கை எச்சமும் அந்தத் தண்ணீரில்தான் வரும். அது ஓடிப் போகட்டும் என்று குழாயைத் திருப்பிவிட்டு, தண்ணீர் தெளிந்த பிறகே தொட்டிக்கு வழிவிடுவார்கள்.

இந்த மாதம் உங்கள் முன் நான் வைக்க நினைக்கும் கேள்வி இதிலிருந்துதான் பிறந்தது. வீட்டுக் கூரையின் முதல் மழை விஷயத்தில் இவ்வளவு கவனமாக இருக்கும் நாம், மெக்கானிக் கடை வாசலின் முதல் மழையை, ஐஸ் கம்பெனி முற்றத்தின் முதல் மழையை, பெட்ரோல் பங்க் தளத்தின் முதல் மழையை எங்கே அனுப்புகிறோம்? பதில் எல்லோருக்கும் தெரியும். வாறுகால் வழியாகக் கடலுக்கு.

மழை எதையும் அழுக்காக்குவதில்லை. தரையில் நாம் விட்டுவைத்ததைத் தூக்கிக்கொண்டு போகிறது, அவ்வளவுதான். ஆண்டு முழுவதும் விட்டு விட்டுத் தூறும் ஊர்களில் அந்த அழுக்கு கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவப்பட்டுவிடும். நம் ஊரில் அப்படி இல்லை. தை பிறந்தால் மழை ஓய்ந்துவிடும். பிறகு எட்டு ஒன்பது மாதம் நல்ல மழை இருக்காது. லாரி நிற்கும் இடத்தில் சொட்டிய டீசல், பட்டறை மண்ணில் ஊறிய பழைய ஆயில், லேத்துக்கு அடியில் சேர்ந்த இரும்புத் தூள், பேட்டரிக் கடையில் சிந்திய ஆசிட், சிமெண்ட் கிட்டங்கியின் தூசி, மீன் கம்பெனிச் சுவரோரம் காய்ந்துபோன செதிலும் ரத்தமும் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கிடக்கின்றன. மழை தொடங்கிய சிறிது நேரத்துக்குள் அதில் பெரும்பங்கு கிளம்பிவிடும். வறண்ட காலம் நீள நீள, அந்த முதல் தண்ணீரில் அழுக்கும் கூடும். ஆகவே நம்மைப் போன்ற வறண்ட மாவட்டத்துக்குத்தான் இந்தக் கவலை அதிகமாக இருக்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 25 சென்ட் மனை என்பது ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர். அதன்மேல் ஒரே ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் தண்ணீர் சுமார் 10,000 லிட்டர். கோடையில் காசு கொடுத்து வாங்குகிறோமே, அந்த ஒரு லாரித் தண்ணீர். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டித் தீர்த்தது. அதிலும் பெரும்பகுதி பிற்பகலில் சில மணி நேரத்துக்குள் இறங்கியது. அப்படியானால் 25 சென்ட் மனை ஒன்றின்மேல் மட்டும் அன்று 40 லாரிக்கு மேல் தண்ணீர். தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம் எங்கும் அதே பெருமழை. வீட்டுக்குள் தண்ணீர் ஏறிய பதற்றத்தில், தெருவில் ஓடிய வெள்ளம் எதைச் சுமந்து ஓடுகிறது என்று பார்க்க யாருக்கு நேரம் இருந்திருக்கும்? நேரம் இருந்திருந்தாலும் செய்வதற்கு எதுவும் இருந்திருக்காது. இந்த விஷயத்தில் செய்ய வேண்டிய அத்தனையும் வெயில் காயும்போதே செய்து முடிக்க வேண்டியவை.

கடலில் இருந்து தள்ளியிருக்கும் ஊர்களில் வடிகால் தண்ணீர் ஓடையில் விழுந்து, ஆற்றில் கலந்து, நெடுந்தூரம் போய்த்தான் கடலைத் தொடும். வழியில் கொஞ்சம் படியும், கொஞ்சம் கரையும். நமக்கு அந்த இடைவெளி கிடையாது. பாம்பனிலோ மண்டபத்திலோ வடக்கே சாய்ந்த தெருவின் தண்ணீர் வடகடலுக்குப் போகிறது. தெற்கே சாய்ந்தது தென்கடலுக்குப் போகிறது. சில இடங்களில் சில நிமிடப் பயணம்தான்.

அந்தக் கடல் எப்படிப்பட்டது என்பதை நினைத்துப் பாருங்கள். வடபக்கம் பாக் விரிகுடா. அது ஆழம் குறைந்தது, அலை அடங்கியது. அதில் விழுந்தது எளிதில் விலகிப் போகாது. அங்கே பரந்து கிடக்கும் கடற்புல்லுக்கு வெயில் வேண்டும். தண்ணீர் கலங்கினால் புல் கருகும். அந்தப் புல்லைத் தின்றுதான் கடல் பசு, நம் மீனவர்கள் ஆவுளியா என்று சொல்லும் அந்தச் சாது, உயிர் வாழ்கிறது. தென்பக்கம் மன்னார் வளைகுடா. தூத்துக்குடியில் இருந்து ராமேஸ்வரம் வரை நீளும் 21 தீவுகளையும் அவற்றைச் சுற்றிய கடலையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டர் பரப்பை 1986-ல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். 1989-ல் அதைச் சூழ்ந்த 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. அந்த 21 தீவுகளில் இரண்டு இன்று நீருக்கடியில் இருக்கின்றன.

மன்னார் வளைகுடாவின் பவளப் பாறைகள் 2010-லும் 2016-லும் கடல் சூடேறியதால் பெருமளவில் வெளுத்தன. உலகக் கடலின் சூட்டை ராமநாதபுரம் மாவட்டம் தனியாக நின்று தணித்துவிட முடியாது. ஆனால் ஏற்கெனவே தளர்ந்துபோன பவளத்தின்மேல் மண்ணையும் எண்ணெயையும் கொட்டாமல் இருக்க நம்மால் முடியும். வண்டல் படிந்தால் பவளம் மூச்சுத் திணறும், அதற்குள் வாழும் நுண்பாசிக்கு வெளிச்சம் கிடைக்காது. மீன் கழிவு போன்ற சத்து மிகுந்த அழுக்கு பாசியை வளர்த்து, பவளத்துக்கு உரிய இடத்தைப் பறிக்கும். அழுகும்போது தண்ணீரில் உள்ள ஆக்சிஜனையும் உறிஞ்சிவிடும். 2019 செப்டம்பரில் பாம்பன், மண்டபம் பக்கம் நுண்ணுயிர்ப் பெருக்கத்தால் கடல் பச்சையாக மாறி, மீன்கள் செத்துக் கரை ஒதுங்கியதைப் பலரும் மறந்திருக்க மாட்டீர்கள். அதற்குக் காரணம் நம் வாறுகால் தண்ணீர் என்று நான் சொல்ல வரவில்லை. ஆக்சிஜன் குறைந்தால் கடல் எப்படி இருக்கும் என்பதை அன்று கண்ணால் பார்த்தோம் என்பதற்காகச் சொல்கிறேன். அந்தத் தண்ணீரில் இடுப்பளவு இறங்கிக் கஞ்சிப்பாசி எடுக்கும் பெண்களுக்கும், கரைவலை இழுப்பவர்களுக்கும் கடல்தான் முற்றம்.

கடலுக்குப் போகாத மிச்சத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்குகிறது. ராமேஸ்வரம் தீவு பெரும்பாலும் மணல். மணலுக்குள் இறங்கிய மழைநீர், கீழே இருக்கும் உப்புநீரின்மேல் மெல்லிய நன்னீர் அடுக்காக நிற்கிறது. தனுஷ்கோடியில் கடலுக்குப் பக்கத்திலேயே மணலைத் தோண்டி நல்ல தண்ணீர் எடுக்கிறார்களே, அது இந்த அடுக்குதான். அதற்கு மேலே பாறை மூடியும் இல்லை, களிமண் மூடியும் இல்லை. பட்டறை மணலில் ஊற்றிய ஆயில் கண்ணுக்கு மறைந்ததும் தீர்ந்துவிட்டதாக நினைக்கிறோம். அது குடிதண்ணீர் இருக்கும் திசையில் இறங்கிக்கொண்டிருக்கிறது. ஒரு லிட்டர் பழைய ஆயில் பத்து லட்சம் லிட்டர் நன்னீரைக் கெடுக்கப் போதும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை எச்சரிக்கிறது.

படகு பழுது பார்க்கும் கரையைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகளைக் கரையேற்றி வேலை பார்க்கும் பருவம் அது. அடிப்பலகையில் ஒட்டிய சிப்பியையும் பாசியையும் பழைய பெயிண்டோடு சேர்த்துச் சுரண்டுகிறார்கள். சுரண்டச் சுரண்டச் சிவப்பும் நீலமுமாகத் துகள்கள் மணலில் உதிர்கின்றன. படகின் அடியில் பாசி ஒட்டாமல் இருக்கப் பூசும் பெயிண்டில் பெரும்பாலும் செம்பு உண்டு. பாசியைத் தடுக்கும் அதே செம்பு பவளக் குஞ்சுகளுக்கும் மீன் குஞ்சுகளுக்கும் நஞ்சு. இன்ஜினைப் பிரித்தால் வழியும் ஆயில், டின்னர் நனைத்த துணி, காலி டப்பா எல்லாம் அங்கேயே. ஜூன் நடுவில் படகுகள் கடலுக்குப் போய்விடுகின்றன. துகள்கள் மணலில் தங்கிவிடுகின்றன. அக்டோபர் மழை வரும்வரை நான்கு மாதம் அவற்றை அள்ளி எடுக்க அவகாசம் இருக்கிறது. வேலை தொடங்கும் முன் படகுக்கு அடியில் ஒரு தார்ப்பாயை விரித்து, மாலையில் சுருட்டி எடுத்திருந்தால் அள்ள வேண்டிய தேவையே இருக்காது. மீனவர்களைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. கடல் கெட்டால் முதலில் வயிற்றில் அடிபடுவது அவர்கள்தான். அவர்களுக்கு இதுவரை யாரும் அந்தத் தார்ப்பாயையோ, கழிவைக் கொண்டுபோய்ப் போட ஓர் இடத்தையோ கொடுக்கவில்லை என்பதுதான் என் வருத்தம்.

தொழிற்சாலை வளாகத்து மழைநீர் என்ன செய்யும் என்பதற்குத் தமிழ்நாடு அண்மையில் பெரும் விலை கொடுத்தது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழை சென்னையைப் புரட்டிப் போட்டது. மணலியில் உள்ள சென்னை பெட்ரோலியம் நிறுவன வளாகத்தில் தேங்கியிருந்த எண்ணெய் வெள்ளநீரோடு கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் கழிமுகத்துக்கு வந்து சேர்ந்தது. தங்கள் குழாய்களில் கசிவு இல்லை என்றது நிறுவனம். வளாகத்தில் இருந்தே எண்ணெய் வெளியேறியதாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஆய்வு சொன்னது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானே முன்வந்து வழக்கை எடுத்தது. படகுகளும் வலைகளும் கருத்துப் போயின. கூழைக்கடாக்களின் இறகில் எண்ணெய் அப்பியிருந்தது. வாளியும் கையுமாக மீனவர்களே இறங்கி எண்ணெயை அள்ளினார்கள். 9,001 குடும்பங்களுக்கும் 787 படகுகளுக்குமாக 8 கோடியே 68 லட்சம் ரூபாய் நிவாரணம் அரசு அறிவித்தது. போன மீனுக்கும் போன பருவத்துக்கும் அந்தத் தொகை ஈடாகுமா என்பதை எண்ணூர் மக்கள்தான் சொல்ல வேண்டும்.

நம் கரையில் அப்படிப்பட்ட எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இல்லை. இருப்பவை சிறு இடங்கள். ஆனால் சிறு இடங்கள் நிறைய. எண்ணூரில் ஒரு வாசலில் இருந்து ஒரே வெள்ளத்தில் வந்தது, இங்கே பல நூறு வாசல்களில் இருந்து ஒவ்வோர் ஆண்டும் துளித்துளியாக வருகிறது. துளித்துளியாக வருவதால் நாளிதழில் செய்தி ஆவதில்லை.

வழி என்ன? அமெரிக்காவில் 1987-ல் தூய நீர்ச் சட்டத்தைத் திருத்தி, தொழிற்கூடங்களின் மழைநீரையும் அனுமதிக்கு உட்படுத்தினார்கள். 1990-ல் அதற்கான விதிகள் வந்தன. அதன்படி அனுமதி பெறும் தொழிற்கூடங்கள் மழைநீருக்கென்று எழுத்தில் ஒரு திட்டம் வைத்திருக்க வேண்டும். அதன் உள்ளடக்கம் எளிமையானது. மழைத் தண்ணீர் மனையில் எந்தப் பக்கம் ஓடுகிறது, வழியில் எதைத் தொடுகிறது, அதைத் தொடாமல் இருக்க என்ன செய்வது, அதற்கு யார் பொறுப்பு. இந்த நான்கு கேள்விக்கும் விடை எழுத ஒரு முழுத்தாள் போதும். நம் நாட்டிலும் 1974-ம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. பழைய ஆயிலைக் கண்ட இடத்தில் கொட்டக்கூடாது என்கின்றன 2016-ம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகள். சட்டத்துக்குக் குறைவில்லை. அது பட்டறை வாசலுக்கு வந்து சேரவில்லை.

ஆகவே தொழில் நடத்தும் வாசகர்களிடம் சில வேலைகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

முதலில், மூடுங்கள். ஆயில் டிரம், பழைய பேட்டரி, இரும்புக் கழிவு, உப்பு மூட்டை, உரமூட்டை எதுவானாலும் கூரைக்கு அடியில், தரையில் இருந்து சற்று உயர்த்தி வையுங்கள். மழை தொடாத பொருளை மழை கொண்டுபோக முடியாது. டிரம்மைச் சுற்றி, அதிலுள்ள ஆயில் முழுவதையும் கொள்ளும் அளவுக்குச் சின்னக் கட்டு கட்டினால், ஓட்டை விழுந்தாலும் ஆயில் அதற்குள்ளேயே நிற்கும்.

அடுத்து, தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள், கூட்டி அள்ளுங்கள். ஆயில் சிந்தினால் அதன்மேல் மரத்தூளைப் போட்டு, ஊறியதும் அள்ளி மூடியுள்ள டிரம்மில் சேருங்கள். படகு ஆசாரிகள் வேலை செய்யும் கரையில் மரத்தூளுக்குப் பஞ்சமில்லை. பழைய ஆயிலை அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சிக்காரர்களிடம் மட்டும் கொடுங்கள். சென்ட்ரிங் பலகைக்கும் மரக்கட்டைக்கும் பூசுவதற்கு வாங்கிப் போகிறவர்கள் அதை வேறொரு மண்ணுக்குத்தான் கொண்டு போகிறார்கள்.

மூன்றாவதாக, கூரைத் தண்ணீரையும் தரைத் தண்ணீரையும் பிரித்துவிடுங்கள். கூரைத் தண்ணீர் நல்ல தண்ணீர். அதை அழுக்குத் தரைமேல் ஓடவிட்டு வீணாக்காமல் குழாய் வழியே சேகரிப்புத் தொட்டிக்குக் கொண்டு போங்கள். ஆனால் பட்டறைத் தரையில் ஓடிய தண்ணீரை மழைநீர் சேகரிப்புக் குழியிலோ கைவிட்ட போர்வெல்லிலோ தயவுசெய்து விடாதீர்கள். நல்ல எண்ணத்தோடு செய்யப்படும் இந்தத் தவறு நிலத்தடி நீரில் நஞ்சை நேராகச் சேர்த்துவிடும்.

நான்காவதாக, தரைத் தண்ணீர் மனையை விட்டு வெளியேறும் இடத்தில் இரண்டு அறைத் தொட்டி ஒன்று கட்டுங்கள். முதல் அறையில் தண்ணீர் நிற்கும்போது மண் அடியில் படியும், எண்ணெய் மேலே மிதக்கும். அங்கிருந்து அடுத்த அறைக்குப் போகும் குழாயின் வாயை எல்போ போட்டுக் கீழ்நோக்கித் திருப்பி, நீர்மட்டத்துக்கு நன்றாகக் கீழே, படியும் மண்ணுக்கு மேலே நிற்கும்படி வையுங்கள். எண்ணெய் மேலேயே தங்கிவிடும், நடுவில் உள்ள தண்ணீர் மட்டும் போகும். ஒரு கொத்தனாரும் ஒரு பிளம்பரும் இருந்தால் முடிகிற வேலை. மிதக்கும் எண்ணெயை அவ்வப்போது அள்ளி எடுக்க வேண்டும். தரையைச் சோப்புத்தூள் போட்டுக் கழுவினால் எண்ணெய் தண்ணீரோடு கலந்து, இந்தத் தொட்டியைத் தாண்டிப் போய்விடும். பெருமழையிலும் இது திணறும். அதனால்தான் மூடுவதையும் கூட்டுவதையும் முதலில் சொன்னேன்.

சின்னக் கடைக்காரர் தலையில் மட்டும் எல்லாச் சுமையையும் வைப்பது நியாயமல்ல. ராமேஸ்வரம், குந்துகால், மூக்கையூர் என்று படகுகள் கூடும் இடங்களில் பழுது பார்க்கச் சிமெண்ட் தளமும், அதன் தண்ணீரைப் பிடிக்கும் தொட்டியும் பொதுச் செலவில் அமைய வேண்டும். மழைக்கு முன் நகராட்சியும் பேரூராட்சியும் ஊராட்சியும் வாறுகாலைத் தூர்வாரினால் மட்டும் போதாது. வாரிய கசடைக் கரையிலேயே குவித்து வைத்தால் முதல் மழையில் அது திரும்பவும் உள்ளேதான் விழும். அன்றைக்கே அள்ளிப் போக வண்டி வேண்டும். புரட்டாசி முடிவதற்குள் தெருத் தெருவாகப் பழைய ஆயிலையும் பேட்டரியையும் சேகரிக்க ஒரு நாள் ஒதுக்கினால் கடைக்காரர்களே கொண்டுவந்து கொடுப்பார்கள். பல நாடுகளில் வடிகால் மூடிமேல் மீன் படம் வரைந்து, இது கடலுக்குப் போகிறது என்று எழுதி வைக்கிறார்கள். நம் பள்ளிப் பிள்ளைகளிடம் பெயிண்டைக் கொடுத்தால் ஒரு சனிக்கிழமையில் வரைந்து முடித்துவிடுவார்கள்.

இதெல்லாம் நமக்குப் புதிதும் அல்ல. குடிதண்ணீர் ஊருணிக்குக் காவல் போட்ட ஊர்கள் நம்முடையவை. கரையில் செருப்போடு ஏறக்கூடாது, மாட்டை இறக்கக்கூடாது, வரத்துக்காலில் அசுத்தம் கூடாது என்று ஊர் கூடி முடிவெடுத்தால் அதை மீற யாருக்கும் துணிவு வராது. தண்ணீர் வந்து சேரும் இடத்தைக் காக்க வேண்டும் என்றால் அது புறப்படும் இடத்தில் இருந்தே காக்க வேண்டும் என்ற அறிவு அந்தக் கட்டுப்பாட்டில் இருந்தது. ஊருணிக்குச் செய்த மரியாதையை வடகடலுக்கும் தென்கடலுக்கும் செய்ய வேண்டிய காலம் இது. இன்று அந்தக் கடலுக்கு வரத்துக்கால் நம் பட்டறை வாசல்.

உங்களிடம் ஓர் உதவி வேண்டும். உங்கள் கடையின், கம்பெனியின், பட்டறையின் படத்தை ஒரு தாளில் வரைந்து, தண்ணீர் ஓடும் திசைக்கு அம்புக்குறி போட்டு எங்களுக்கு அனுப்புங்கள். என்ன மாற்றம் செய்தீர்கள், எவ்வளவு செலவானது, எது கைகொடுத்தது, எது கைகொடுக்கவில்லை என்று இரண்டு வரி எழுதுங்கள். கார்த்திகை இதழில் அவற்றை வெளியிட ஆசைப்படுகிறேன். பக்கத்துக் கடைக்காரர் செய்து காட்டியதைப் போல நம்பிக்கை தருவது வேறு எதுவும் இல்லை.

மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது. இன்று மாலை கடையை அடைப்பதற்கு முன் ஒரு குடம் தண்ணீரை வாசலில் ஊற்றி, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். அது ஓடும் வழியில் என்னென்ன கிடக்கிறதோ, அவற்றை நாளைக் காலையில் அகற்றத் தொடங்குங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்